தீபாவளி முடிஞ்சிருச்சா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சில ஆண்டுகளாக உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. போன மாதம் ஆடித் தள்ளுபடி பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தபோதே எழுத நினைத்தேன், தள்ளிப் போய்விட்டது.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். எங்கள் புளோக்கில் தேசிய தினத்துக்குக் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. ஆனால் போன சனிக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குப் போனால் ஒரு கடை வாசலில் ‘தீபாவளி சிறப்பு விற்பனை’ என்று பெரிய பதாகை. உள்ளே தோரணங்கள், காகித விளக்குகள், வாழ்த்து அட்டைகள் எல்லாம் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் முறுக்குக்கும் அன்னாசி டார்ட்டுக்கும் முன்பதிவு கேட்டு மூன்று பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது, ஐயா.

என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். போன வருடம் அக்டோபர் தொடக்கத்தில் அவனுக்குக் காலணி வாங்க ஒரு கடைத்தொகுதிக்குப் போனோம். நுழைந்ததுமே கிறிஸ்துமஸ் மரம், சிவப்புத் தொப்பி, பாட்டு. சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, தீபாவளி முடிஞ்சிருச்சா? நாம எப்போ கொண்டாடுனோம்?” என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆகஸ்டிலிருந்தே தீபாவளிச் சாமான்களைப் பார்த்துப் பார்த்து, அது எப்போதோ வந்து போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

எங்கள் அம்மா காலத்தில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்புதான் எல்லாம் தொடங்கும். அந்த ஒரு வாரத்தில் இருந்த சந்தோஷம் இந்த மூன்று மாதத்தில் இல்லை. இது வியாபாரிகளின் பேராசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. “பிடிக்கலைன்னா வாங்காம இரு” என்கிறார் கணவர். நான் வாங்காமல் இருந்தால் மகன் கண்ணில் படாமல் போகுமா? இவ்வளவு சீக்கிரம் தொடங்காதீர்கள் என்று கடைக்காரர்களிடம் யாராவது சொல்லக் கூடாதா? நீங்களாவது எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈசூன்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மகனின் கேள்வி வந்த இடத்தில், “பையன் சரியாத்தானே கேட்டிருக்கான்” என்றார். கடைகளை நாள்காட்டியாக வைத்துக் கணக்குப் போட்டால் அவன் சொன்னதில் பிழையே இல்லை.

எனக்கு உடன்பாடில்லாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா காலத்தில் ஒரு வாரம் முன்புதான் எல்லாம் தொடங்கும் என்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வாரம். அம்மாவுக்கு எத்தனை வாரம் என்று கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாவின் கணக்கைச் சொல்கிறேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். ஒரு தீபாவளி முடிந்த அடுத்த மாதமே அடுத்த தீபாவளிக்கான சீட்டு தொடங்கிவிடும். மாதம் பத்து வெள்ளி. கீழ் மாடியில் ஓர் அக்கா சீட்டுப் பிடித்தார். மற்றவர்கள் முதல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அம்மா மட்டும் கடைசிச் சீட்டைக் கேட்டு வாங்குவார், பணம் தீபாவளிக்கு முன்பு கையில் விழ வேண்டும் என்பதற்காக. துணி மட்டும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ கடனுக்கு எடுத்தாகிவிடும். ஒரே பீஸில் அண்ணனுக்கும் எனக்கும் சட்டை, மிச்சத்தில் தம்பிக்கு. நாங்கள் வளர்ந்துவிடுவோம் என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்வார். தைத்து வந்த துணி டிரங்குப் பெட்டிக்குள் போகும், பெட்டிச் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போகும். அப்புறம் அரிசி ஊறவைத்து, காரிடாரில் பழைய செய்தித்தாளை விரித்துக் காயவைத்து, சிராங்கூன் சாலைப் பக்கம் மாவரைக்கும் கடையில் வரிசை பிடித்து அரைத்து வந்து, டின்னில் அடைத்து வைப்பார். முறுக்குச் சுடுகிற வாசனை வந்த பிறகுதான் எங்களுக்குத் தீபாவளி வருவது தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்பே அம்மாவுக்குத் தெரியும்.

ஆகவே, ‘அந்தக் காலத்தில் இப்படியா?’ என்று என் வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. அந்தக் காலத்தில் எல்லாம் இன்னும் சீக்கிரமே தொடங்கியது. பிள்ளைகள் கண்ணில் படாமல் மறைத்து வைக்கப் பெட்டியும் சாவியும் இருந்தன. இப்போது கடையில் வேலைகள் எல்லாம் முடிந்து, பளபளப்புக் காகிதம் சுற்றி, விலை ஒட்டிய பொருள் முதல் நாளே வாசலுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை.

அடுத்தது பேராசை. தேசிய சேவை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு தீபாவளிக்கு இரண்டு மாதம் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் நின்றேன். துணி, பாத்திரம், வாழ்த்து அட்டை, அலங்காரச் சாமான் எல்லாம் விற்கிற கடை. இரவு கடையைச் சாத்திவிட்டுக் கோப்பி குடிக்கும்போது முதலாளி தொழில் சொல்லிக் கொடுப்பார். அவர் கணக்கில் சரக்கு இரண்டே வகை. நிற்கிற சரக்கு, சாகிற சரக்கு. வேட்டி நிற்கும். தீபாவளிக்கு விற்காவிட்டால் பொங்கலுக்கு விற்கும், பொங்கலுக்கும் போகாவிட்டால் யாராவது கல்யாணத்துக்கு வாங்குவார்கள். பித்தளை விளக்கும் அப்படித்தான். ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று அச்சடித்த அட்டை, அதே எழுத்து ஒட்டிய தோரணம், பலகார டப்பா, இதெல்லாம் சாகிற சரக்கு. தீபாவளி அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு அதன் விலை பூஜ்யம். அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். வைத்தாலும் வெளுத்துப் போகும். “பின்னால ஒரு நாள்கூட நீட்ட முடியாது தம்பி. முன்னாலதான் நீட்டணும்” என்பார்.

இந்த ஒரு வரியில் தொழில் முழுக்க இருக்கிறது. திருவிழாச் சாமான் விற்கிறவருக்குக் கடைசி நாள் நகராது. நகர்த்த முடிந்தது முதல் நாளை மட்டும்தான். அதோடு சரக்கு வரும் வழியையும் பாருங்கள். உலகத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதி சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில் யிவூ என்ற ஊரிலிருந்து வருகிறது. டிசம்பரில் தொங்க வேண்டிய நட்சத்திரம் ஆண்டின் நடுவிலேயே கப்பல் ஏறிவிடும். நம் எல்இடி சரவிளக்கும் காகிதத் தோரணமும் பெரும்பாலும் அதே கடல்வழியாக வருகிறவைதான். வந்து இறங்கிய சரக்கு கிடங்கில் படுத்திருந்தாலும் வாடகை, கடையில் நின்றாலும் வாடகை. கடையில் நின்றால் நாலு பேர் கண்ணிலாவது படும். என் முதலாளிக்குப் பேராசை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவர் ஆகஸ்டில் பதாகை கட்டியதற்குக் காரணம் ஆசையைவிடப் பயம்தான்.

வாங்குகிறவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. நீங்கள் சனிக்கிழமை போயிருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் போய்ப் பாருங்கள். துவாஸ், கிராஞ்சி பக்கம் விடுதிகளில் இருக்கும் நம் ஊழியர்கள் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தேக்காவுக்கு வர முடியும். அவர்களில் ஒருவர் போன ஆகஸ்டில் ஒரு கடை வாசலில் நின்று, கைப்பேசியில் ஊரிலிருக்கும் மகளுக்கு ஒரு கவுனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “இது சின்னதா இருக்குமாடா? தீபாவளிக்குள்ள வளந்துருவியா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கூட்டாளி, “ரெண்டு சைஸ் பெருசா எடு மாப்ள” என்றார். அந்த மாதச் சம்பளத்தில் கவுன், அடுத்த மாதச் சம்பளத்தில் மாமியாருக்குச் சேலை, அதற்கடுத்த மாதம் ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்து அனுப்ப வேண்டும். நீங்களும் நானும் இரண்டு மாதம் என்று சொல்லிச் சலித்துக்கொள்வது அவருக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமை. எட்டு நாளில் ஒரு குடும்பத்துக்கே தீபாவளி எடுப்பது சீக்கிரம் தொடங்குவதாகுமா? எனக்கு அது நெருக்கடியாகத்தான் தெரிகிறது.

ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பிலிப்பீன்ஸ்காரர்களுக்குச் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ்தான். ஆங்கிலத்தில் ‘பெர்’ என்று முடிகிற நான்கு மாதமும் அவர்களுக்கு அந்தக் காலம். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆளுயரப் பெட்டியில் சோப்பு, சாக்லேட், டின் மீன், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று மாதக்கணக்கில் சேர்த்துக் கப்பலில் அனுப்புவார்கள். பாலிக்பயான் பெட்டி என்று பெயர். கடலில் போய் வீடு சேர வாரக்கணக்கில் ஆகும். டிசம்பரில் திறக்க வேண்டிய பெட்டியை செப்டம்பரிலேயே நிரப்பத் தொடங்கினால்தான் உண்டு. தூரத்தில் இருக்கிறவர்களுக்குத் திருவிழா எப்போதுமே சீக்கிரம் தொடங்கும்.

சரி, இவ்வளவும் சொன்னால் உங்கள் கடிதத்தில் நியாயமே இல்லை என்கிறேனா? இருக்கிறது. நீங்கள் குற்றத்தைத் தொடக்கத்தில் தேடுகிறீர்கள், எனக்கு அது வேறு இடத்தில் தெரிகிறது.

ஓர் அமெரிக்கக் கதை சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிவிட்டு ஈசூனுக்கே வந்துவிடுவேன். அங்கே அப்போதெல்லாம் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமைதான் நன்றி நவிலும் நாள். அது முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்க வேண்டும் என்பது கடைக்காரர்களிடையே எழுதப்படாத வழக்கமாக இருந்தது. 1939இல் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்துவிட்டன. கடைசி வியாழன் 30ஆம் தேதி. வியாபாரத்துக்கு மூன்றரை வாரம்தான் மிச்சம். அப்போது பொருளாதார மந்தத்திலிருந்து அந்த நாடு முழுதாக எழுந்திருக்கவில்லை. கடைக்காரர்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் போய்க் கேட்டார்கள், அவரும் திருநாளை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்து 23ஆம் தேதி என்று அறிவித்தார். சில மாநிலங்கள் 23இல் கொண்டாடின, சில மாநிலங்கள் முடியாது என்று 30இல் கொண்டாடின. இரண்டு நாளும் விடுமுறை விட்ட மாநிலமும் உண்டு. ஃபிராங்க்ளின் என்ற அவர் பெயரை ஒட்டி அந்தத் திருநாளையே ‘ஃபிராங்க்ஸ்கிவிங்’ என்று கேலி செய்தார்கள். இரண்டு ஆண்டு குழப்பத்துக்குப் பிறகு, 1941 டிசம்பரில், நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்தார்கள்.

இதைக் கேட்கிறவர்கள் கடைக்காரர்களின் துணிச்சலைப் பார்த்துத்தான் வியப்பார்கள். எனக்கு வியப்பு வேறு விஷயத்தில். முந்தின திருநாளைத் தாண்டிக் கடை விரிக்க அவர்களுக்கு அன்று மனம் வரவில்லை. வரப்பைத் தாண்ட மாட்டார்கள், வரப்பை வேண்டுமானால் ஒரு முழம் தள்ளிக் கட்டிக் கொடுங்கள் என்று அதிபரிடம் கேட்கத்தான் முடிந்தது. இன்று அதற்காக யாரும் அதிபரைப் பார்க்கப் போவதில்லை. வரப்பே இல்லை.

ஒரு திருநாள் அடுத்த திருநாளுக்கு வரப்பு. நம்மிடமும் அப்படித்தான் இருந்தது. ஆடியில் நல்லது எதுவும் தொடங்குவதில்லை, அதனால் துணிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். மாதம் சும்மா கிடக்கிறதே என்று தள்ளுபடி கொண்டுவந்து, இப்போது அதுவே ஒரு திருவிழா ஆகிவிட்டது. போன மாதம் அதைத்தான் எழுதியிருந்தேன். சீன அண்டை வீட்டாரைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். மூன்கேக் எட்டாம் மாதத்துப் பௌர்ணமிக்கு உரியது, ஏழாம் மாதம் முன்னோர்களின் ஆவிகளுக்கு. ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கு எரித்த காகிதங்களின் சாம்பல் புல்வெளியில் பறந்துகொண்டிருக்கும்போதே கடைத்தொகுதியில் மூன்கேக் சுவைத்துப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

நம் பக்கம் அடி வாங்கியது புரட்டாசி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தால் மயிலும் தாமரையுமாகத் தீபாவளி ஒளியூட்டு வளைவுகளின் கீழேதான் நடக்க வேண்டியிருக்கிறது. இருபுறமும் முறுக்கு, லட்டு, மட்டன் பிரியாணி முன்பதிவு. விரதம் இருக்கிற மாதம் முழுக்க விருந்துக்கான அழைப்பு. போன வருடம் ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாளில் தீபாவளி வந்துவிட்டது, அக்டோபர் 20. அதனால் புரட்டாசி முழுக்க முழுக்கத் தீபாவளிச் சந்தைக்குள் முங்கிப் போயிற்று. கொலு வைத்தவர்கள் வீட்டுக்குப் போனபோதுகூட, “தீபாவளிக்கு எடுத்தாச்சா?” என்றுதான் பேச்சு. பொம்மைகள் பாவம், ஒன்பது நாளும் யாரும் அவற்றைச் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு தேதி நெருக்கியது என்று கடைகளுக்கு ஒரு சமாதானம் உண்டு. இந்த ஆண்டு அதுவும் இல்லை. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள், சூரிய ஆண்டுக்குப் பதினோரு நாள் குறைவு. அதனால்தான் 2024இல் அக்டோபர் 31ஆக இருந்த தீபாவளி 2025இல் அக்டோபர் 20க்குப் பின்வாங்கியது. இப்படியே விட்டால் நோன்புப் பெருநாள் மாதிரி ஆண்டு முழுக்கச் சுற்றிவரும். அதைத் தடுக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைப் பஞ்சாங்கம் நுழைக்கும். இந்த ஆண்டு மே, ஜூனில் அது வந்தது. தீபாவளி நவம்பர் 8க்குப் போய்விட்டது. பத்தொன்பது நாள் தள்ளிப் போன தீபாவளிக்குக் கடையும் பத்தொன்பது நாள் தள்ளித் திறந்திருக்க வேண்டுமே? நீங்கள் பார்த்தது ஆகஸ்டில்தானே. தேசிய தினம் முடிந்ததா, அடுத்தது என்ன என்பதுதான் கடையின் பஞ்சாங்கம். அதில் நிலாவுக்கு இடமில்லை. (தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் 11.11 இணையத் தள்ளுபடி வருகிறது. அதற்காகவே துணியைத் தள்ளிப் போட்டிருக்கும் ஒரு மருமகன் எங்கள் வீட்டில் இருக்கிறான். தீபாவளிக்குப் பழைய ஜிப்பா போதுமாம்.)

இனி என் குறையைச் சொல்கிறேன். போன வருடம் அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் தீபாவளி. வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது, விளக்குத் திரி இல்லை. பக்கத்துப் பேரங்காடிக்குப் போனேன், எந்தப் பேரங்காடி என்பது வேண்டாம். நுழைந்ததும் வாசலுக்கு எதிரே தீபாவளி அலமாரி இருக்கும், ஆறு வாரமாகத் தினம் அதைக் கடந்துதான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். அன்று பாதி அலமாரி காலி. மிச்சப் பாதியில் மஞ்சள் நிற அரைவிலைச் சீட்டு. தரையில் அட்டைப் பெட்டிகள், உள்ளே சிவப்புத் தொப்பிகளும் சாக்லேட் டப்பாக்களும். ஒரு தமிழ்ப் பெண், நாற்பது வயது இருக்கும், அகல் விளக்குகளைப் பெட்டியில் எடுத்துப்போட்டுவிட்டுத் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாளைக்குத்தானேம்மா தீபாவளி?” என்றேன்.

“நைட்டுக்குள்ள மாத்திடணும்னு சொல்லிட்டாங்கண்ணே.”

பேச்சுக் கொடுத்ததில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிறவர் என்று தெரிந்தது. “பத்து மணிக்குக் கிளம்புவேன். பாலத்துல இன்னைக்குச் சரியான ஜாம் இருக்கும். வீட்டுக்குப் போயி எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்” என்று சொல்லிச் சிரித்தார். கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, அடியில் கையை விட்டுத் துழாவி, எனக்கு இரண்டு பாக்கெட் திரி எடுத்துக் கொடுத்தார்.

சகோதரி, என் வருத்தம் அங்கே. செப்டம்பர் தொடக்கத்திலேயே அந்த அலமாரியை வைத்தார்களே என்று நான் கோபப்படவில்லை. ஆறு வாரம் நின்றதற்குக் கடைசி ஒரு ராத்திரி நிற்க இடமில்லை என்பதுதான் கசந்தது. 1929 முதல் இந்த ஊரில் தீபாவளி பொது விடுமுறை. நமக்கென்று அந்த ஒரு நாள். அந்த நாளைக் கொண்டாடுகிறவர்களிடமே ஆறு வாரம் விற்றுவிட்டு, அந்த நாள் வருவதற்குள் எடுத்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். உங்கள் மகன் பார்த்ததும் இதே சங்கதிதான். தேக்காவில் தீபாவளி சீக்கிரம் வருகிறது. தேக்காவுக்கு வெளியே அது சீக்கிரம் போகிறது. நாம் முதலாவதைப் பார்த்துத்தான் சத்தம் போடுகிறோம்.

2024இல் இன்னொரு கூத்து. தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஒரு கடைத்தொகுதியில் ரங்கோலிக்குப் பக்கத்திலேயே கண், மூக்கு, வாய் செதுக்கிய பூசணிக்காய். பூசணி என்றால் நாம் திருஷ்டி கழித்து நடுத்தெருவில் உடைக்கிறது. என்னோடு வந்த அத்தை அதைத் தாண்டமாட்டேன் என்று சுற்றிக்கொண்டு வந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு திருநாள் அக்கம்பக்கமாக நிற்பதில் எனக்குச் சண்டையே இல்லை, இந்த ஊரே அப்படித்தான். ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது வேறு.

யாராவது சொல்லக் கூடாதா என்று கேட்டீர்கள். சொன்னேன். திரி வாங்கிய மறுநாள் சாயங்காலம் அந்தப் பேரங்காடிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எப்போது வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஆனால் தீபாவளி இரவுவரை அலமாரியை விட்டு வையுங்கள், அதை மாற்றுகிற வேலையைத் தீபாவளி கொண்டாடுகிறவர் கையில் அன்றைக்குக் கொடுக்காதீர்கள் என்று இரண்டே கோரிக்கை. மூன்று நாளில் பதில் வந்தது. என் கருத்துக்கு நன்றியாம், உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இந்த நவம்பர் 7ஆம் தேதி சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். நீங்களும் உங்கள் பக்கத்துக் கடைக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்க ஒருவரைத் தேடுவார்கள், அந்த நேரமாவது அதைப் பற்றி யோசிப்பார்கள்.

மகனுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். கடையில் தெரிவதை மறைக்க முடியாது. வீட்டில் ஒரு பெட்டி வைக்க முடியும். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வாங்கியதெல்லாம் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள்தான் போகிறது. பூட்டு துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது, சாவி மட்டும் என் மனைவியின் அலமாரியில் தொங்குகிறது. திறந்தே கிடக்கிற பெட்டி என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் அனுமதி இல்லாமல் தொடுவதில்லை. சின்னவள் மட்டும் மூடியை ஒரு விரற்கடை தூக்கி மூக்கை வைத்து மோந்துவிட்டு ஓடுவாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டீர்களா? என் மனைவிக்குத் தைக்கிற அம்மா செப்டம்பர் பாதியோடு தீபாவளித் தையல் எடுப்பதை நிறுத்திவிடுவாராம். “லெட்டருக்கு அப்புறமா பதில் எழுதலாம், மொதல்ல தேக்காவுக்கு வாங்க” என்று மனைவி வாசலில் நிற்கிறார். கிளம்புகிறேன்.

அன்புடன்.